கடிக்காது என்று சொன்னவர்

லேபில் அவரை எல்லோரும் எறும்பு சார் என்றுதான் கூப்பிடுவார்கள். உருவத்தை வைத்து வந்த பட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். ஆள் நின்றால் வாசல் அடைபடும். காலை ஆறரை மணிக்கு வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் உட்காருகிறவர்களின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தட்டிப் பார்த்து, "ஒண்ணும் இல்ல, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்று சொல்லி ரத்தம் எடுப்பது அவர் வேலை. ஒரு நாளைக்கு நாற்பது பேர் வந்தால் நாற்பது தடவை எறும்பு. பத்தொன்பது வருடத்தில் பட்டம் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை.

கைராசிக்காரர் என்று அவருக்குப் பேர் உண்டு. அந்தக் கைராசியின் சூட்சுமம் மிகவும் சாதாரணமானது. "வீடு எங்க?" என்று கேட்பார். வந்தவர் "பஸ் ஸ்டாப் பக்கத்துல" என்று ஆரம்பித்து "ரெண்டாவது மாடி" என்று முடிப்பதற்குள் ஊசி போய், குப்பி நிறைந்து, பஞ்சும் ஒட்டப்பட்டிருக்கும். ஆளுக்குத் தெரியாமல் காரியத்தை முடித்துவிடுவது. அவருக்குத் தெரிந்த வித்தை இது ஒன்றுதான். உலகத்தில் சகலத்துக்கும் இந்த ஒன்றே போதும் என்று அவர் மனதார நம்பியிருந்தார்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். லேபில் வேலை செய்கிறவர்களுக்கு வருடம் ஒருமுறை இலவசமாக ரத்தப் பரிசோதனை நடக்கும். சரியாக அன்றைக்கென்று பார்த்து எறும்பு சாருக்கு இருமல் வரும், அல்லது தூரத்து உறவில் யாராவது ஆஸ்பத்திரியில் இருப்பார்கள். தன் கைக்கு ஊசி என்றால் அவருக்கு அவ்வளவு பயம். ஊருக்குத்தான் உபதேசம்.

இப்படிப்பட்டவர் வீட்டுக்குள் ஒரு ஹாம்ஸ்டர் வந்து சேர்ந்தது. ஒன்பது வயது மகள் முதலில் கேட்டது நாய். குடியிருப்பில் நாய்க்கு அனுமதி இல்லை என்றதும் பூனை. அம்மாவுக்குப் பூனை முடி ஆகாது, தும்மல் வரும் என்றதும் கிளி. கிளி கத்தினால் பக்கத்து வீட்டு இரவு ஷிப்டுக்காரர் சண்டைக்கு வருவார். இரண்டு வருடப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு, உள்ளங்கையில் அடங்குகிற, வால் இருக்கிறதா இல்லையா என்று தேடிப் பார்க்க வேண்டிய ஒரு எலி ஜாதிப் பிராணியில் வந்து நின்றது. மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை என்பார்களே, அதை எழுத்துக்கு எழுத்து நடத்திக் காட்டிய ஒரே குடும்பம் இதுவாகத்தான் இருக்கும்.

தபால் நிலையத்தில் பார்சல் கவுன்டரில் இருக்கிற அவர் மனைவி, கூண்டைச் சுற்றி வந்து பார்த்தாள். "ஊர்ல எல்லாரும் எலியைப் பிடிச்சு வெளிய விடறாங்க. நாம கூண்டோட உள்ள கொண்டு வந்திருக்கோம்" என்றாள். மகள் அதைக் காதில் வாங்கவே இல்லை. மரச்சீவலுக்குள் குடைந்துகொண்டு போன அந்த வெளிர்ப் பழுப்பு உருண்டைக்குப் பஞ்சு என்று பேர் வைத்துவிட்டாள்.

கடைக்காரப் பெண் தெளிவாகத்தான் சொல்லி அனுப்பியிருந்தாள். முதல் ஒரு வாரம் தொடக்கூடாது, புது இடம் பழகட்டும். பழகவே இல்லையென்றால் பதினைந்து நாளுக்குள் கூண்டோடு திருப்பிக் கொடுக்கலாம். மகள் இதை ஒரு தாளில் எழுதி கூண்டுக்கு மேலே ஒட்டி, நாட்களை அடித்துக்கொண்டே வந்தாள். ஆனால் அவளுடைய அப்பா வேறு கணக்குப் போட்டார். வாரம் முடிகிற அன்றைக்கு, நன்றாகப் பழகிய பஞ்சுவை எடுத்து மகள் கையில் வைக்க வேண்டும். அவள் வாய் பிளந்து பார்க்க வேண்டும். கட்டுக்கடங்காத குழந்தைகள், நாலு பேர் பிடித்தும் நிற்காத முரட்டு ஆசாமிகள் எல்லோரையும் சமாளித்த கைக்கு ஒரு கைப்பிடி எலி எம்மாத்திரம்?

மகள் மாலையில் நீச்சல் வகுப்புக்குப் போகிற நேரம் பார்த்துக் கூண்டைத் திறந்தார். அவருக்குத் தெரிந்த அதே வித்தைதான். இடது கையில் ஒரு சூரியகாந்தி விதையை நீட்டினார். பஞ்சு மூக்கைத் தூக்கிக்கொண்டு வந்தது. அதன் கவனம் விதையில் இருக்கும்போதே வலது கையை மேலேயிருந்து இறக்கி ஒரே பிடி.

கடி விழுந்த வேகத்தில் அவருடைய கைராசியெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஆள்காட்டி விரலில் இரண்டு சிவப்புப் புள்ளிகள். "ஐயோ அம்மா" என்று கத்தியது தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகம் வந்தது. நல்லவேளை, வீட்டில் யாரும் இல்லை. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று விரலைக் கழுவி பிளாஸ்திரி போட்டுக்கொண்டார். வகுப்பு முடிந்து வந்த மகள் கேட்டபோது, கதவில் இடித்துக்கொண்டேன் என்றார்.

மறுநாளும் கதவு இடித்தது. அதற்கடுத்த நாளும் இடித்தது. நாலாவது நாள் லேபில் ரத்தம் கொடுக்க வந்த ஒரு ஓட்டுநர், "விரல்ல என்ன சார், மூணு கட்டு?" என்று கேட்டார். பேச்சு வாக்கில், "வீட்ல எலி கடிச்சிடுச்சு" என்று இவர் உண்மையை உளறிவிட்டார். ஓட்டுநர் நீட்டிய கையை மெதுவாக மடக்கி, சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, அடுத்த கவுன்டருக்குப் போய்விட்டார். சங்கதி மேலதிகாரி அம்மாவின் காதுக்குப் போனது. டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டு வந்தால்தான் வேலை என்று சொல்லிவிட்டார். கூட வேலை செய்கிற பெண் ஊசியோடு வந்து, "சார், வீடு எங்க?" என்று கேட்டாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். அன்றைக்கு லேபில் எல்லோரும் சிரித்துச் சிரித்து வேலை அரை மணி நேரம் தாமதமானது.

அதோடு விட்டிருக்கலாம். ஐந்தாம் நாள் ஒரு துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, விதையைக் காட்டி, அமுக்கிப் பிடித்தே விட்டார். பஞ்சு துண்டுக்குள் அசையாமல் கிடந்தது. பயத்தில் உறைந்துபோய்க் கிடக்கிறது என்பது அவருக்கு உறைக்கவில்லை. ஆகா, வழிக்கு வந்துவிட்டது என்று அவர் முடிவு கட்டினார். இதை இப்போது லேபில் அவரே சொல்லும்போது, இந்த இடத்தில் தலையில் ஒரு தட்டுத் தட்டிக்கொள்வார்.

மறுநாள் மாலை மகளைக் கூப்பிட்டார். "இன்னும் ஒரு நாள் இருக்கே" என்று அவள் தாளைக் காட்டினாள்.

"அது பழகிடுச்சு. விதையைக் கையில வெச்சு நீட்டு."

"கடிக்காதா?"

"கடிக்கவே கடிக்காது. நான் சொல்றேன் இல்ல."

மகள் ஒரு விதையை இரண்டு விரலால் பிடித்து நீட்டினாள். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருந்தாள். பஞ்சு வந்தது. விதையை அது ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. நேராக விரலில் பல்லை இறக்கியது.

மகள் கத்தவில்லை. ரத்தம் வருகிற விரலைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பதிலாக அவள் ஊரைக் கூட்டி அழுதிருந்தால் அவருக்கு எவ்வளவோ தேவலாம் போலிருந்தது. "கடிக்காதுன்னு சொன்னீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மாவிடம் போய் விரலை நீட்டினாள். இவர் பஞ்சுத் துண்டும் மருந்துமாகப் பின்னாலேயே ஓடினார். அவள் கையை இழுத்துக்கொண்டாள். ஊரார் கைக்கெல்லாம் பஞ்சு வைக்கிறவரிடம் சொந்த மகள் விரலைக் கொடுக்கவில்லை.

அதிலிருந்து அவர் வாயிலிருந்து வருகிற எதற்கும் வீட்டில் மதிப்பில்லாமல் போனது. "மழை வராது, குடை வேண்டாம்" என்றால் இரண்டு குடை கிளம்பியது. "பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு" என்றால் மகள் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். ஒரு நாள் "இன்னைக்குச் செவ்வாய்க்கிழமைதானே" என்று அவர் சொன்னதற்கு, அவள் திரும்பி அம்மாவைப் பார்த்து, "அப்படியாம்மா?" என்றாள். மனைவி சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. பஞ்சுவைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று மகள் சொல்லிவிட்டாள். கோபத்தில் சொல்லியிருந்தால் சமாதானம் செய்யலாம். "அதுக்கு என்னைப் பிடிக்கலம்மா. பிடிக்காத வீட்ல அது எதுக்கு இருக்கணும்?" என்று அவள் அம்மாவிடம் நிதானமாகச் சொன்னது கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற இவர் காதில் விழுந்தது.

அவர் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டு கடைக்குப் போன் செய்தார். கடைக்காரப் பெண் பொறுமையாகக் கேட்டாள். விதையைக் காட்டியது, மேலேயிருந்து பிடித்தது, துண்டு, ஐந்து நாள், எல்லாவற்றையும் சொன்னார்.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"லேப்ல ரத்தம் எடுக்கறேன்."

"அதானே பார்த்தேன்" என்றாள். "சார், மேல இருந்து வர்றது எதுவா இருந்தாலும் அதுக்குப் பருந்துதான். விதை வந்தா பின்னாலயே பருந்து வரும்னு அஞ்சு நாளா அதுக்குப் பாடம் நடத்தியிருக்கீங்க. அதுவும் நல்லாப் படிச்சிடுச்சு. பாப்பா விதையை நீட்டினதும் படிச்சதை எழுதிடுச்சு."

மகளைக் கடிக்கச் சொல்லிக்கொடுத்ததே தான்தான் என்பது அந்த மாடிப்படியில்தான் அவருக்குப் புரிந்தது.

"இப்ப என்னம்மா செய்யறது?"

"ஒண்ணும் செய்யாதீங்க. அதுதான் வைத்தியம். உங்க கையில ஸ்பிரிட் வாடை வரும், நல்லாக் கழுவிக்குங்க. சாயங்காலம் அது முழிச்சப்புறம், உள்ளங்கை மேல தெரியற மாதிரி கையைக் கூண்டுக்குள்ள வெச்சுட்டுச் சும்மா உட்காருங்க. பிடிக்காதீங்க, துரத்தாதீங்க. அது வந்து மோந்து பார்க்கட்டும். கடிச்சாலும் கையை வெடுக்குன்னு எடுக்காதீங்க."

சும்மா இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வாசனையில்லாத சோப்பில் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். சட்டைக் கையை மடித்து, முழங்கையை நீட்டி, உள்ளங்கையைத் திறந்து கூண்டுக்குள் வைத்தார். வைத்த பிறகுதான் கவனித்தார், அப்படியே லேபில் எதிர் நாற்காலியில் உட்காருகிறவர்களின் நிலை. பஞ்சு மரச்சீவலிலிருந்து மூக்கை நீட்டியதுமே கையை உருவிக்கொண்டார். "கையை ஆட்டாதீங்க, ஆட்டினா எனக்கு நரம்பு கிடைக்காது" என்று தினமும் நாற்பது பேரை அதட்டுகிற மனிதர். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று அவருக்கு அவரே சொல்லிக்கொண்டு மறுபடி கையை வைத்தார்.

இரண்டாம் நாள் பஞ்சு வந்து சுண்டுவிரலைக் கடித்துப் பார்த்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார். கண்ணோரம் நீர் கோத்தது. மனைவி துணி மடித்தபடி, "எறும்பு கடிச்ச மாதிரிதானே இருக்கு?" என்று விசாரித்தாள். நாலாம் நாள் கையை ஒரு சாலையாக நினைத்து அதன் மேல் குறுக்கே ஓடியது. ஆறாம் நாள் உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்து, இரண்டு முன்னங்கால்களாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டது. அதன் இதயத் துடிப்பு அவர் உள்ளங்கையில் கிடுகிடுவென்று அடித்தது. பத்தொன்பது வருடமாக அடுத்தவர் நாடியில் விரல் வைத்தவருக்கு, இவ்வளவு சின்ன ஒன்று தன்னை நம்பி உட்கார்ந்ததில் சந்தோஷம் தாங்கவில்லை.

"பாப்பா, வந்து பாரேன்" என்று குரல் கொடுத்தார்.

மகள் கதவோரம் வந்து நின்று பார்த்தாள். பஞ்சு அவர் கையில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அவள் முகம் சுருங்கிவிட்டது.

"உங்களைப் பிடிச்சிருக்கு. என்னைத்தான் அதுக்குப் பிடிக்கல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

செய்த காரியத்துக்குப் பரிகாரம் தேடப் போய் அதை இன்னும் மோசமாக்கியிருக்கிறோம் என்று அவருக்கு அப்போதுதான் பட்டது. எலி இவரோடு எவ்வளவுக்கெவ்வளவு பழகியதோ அவ்வளவுக்கவ்வளவு மகளுக்கு அது தன்னை வெறுக்கிறது என்பது உறுதியானது. அதை மாற்ற ஒரே வழிதான் இருந்தது, நடந்ததைச் சொல்வது. கடைக்காரப் பெண்ணிடம் ஒன்றுவிடாமல் சொன்னவருக்கு, ஒன்பது வயதுப் பிள்ளையிடம் சொல்ல வாய் வரவில்லை. மூன்று தடவை அவள் அறை வாசல் வரைக்கும் போய், "தண்ணி வேணுமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினார். மூன்றாவது தடவை, "அப்பாவுக்கு என்னாச்சும்மா?" என்று அவள் அம்மாவிடம் விசாரித்தாள்.

பதினைந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் ஆறு மணிக்கு மகளே சக்கரத்தைக் கழற்றிப் பையில் போட்டாள். மிச்சமிருந்த விதைகளையும் கட்டிப் போட்டாள். கூண்டை வாசலுக்குப் பக்கத்தில் கொண்டு வந்து வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினாள். பஞ்சு அப்போதுதான் விழித்துக்கொண்டு, சக்கரம் இருந்த இடத்தை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது.

எறும்பு சார் தரையில் உட்கார்ந்தார். முழங்கால் மடக்கெனச் சத்தம் போட்டது.

"பாப்பா, ஒண்ணு சொல்லணும்."

"கடை ஏழரைக்கு மூடிடுவாங்கப்பா."

"உன்னைப் பிடிக்காம அது கடிக்கல. என்னாலதான் கடிச்சுது."

மகள் ஒரு செருப்போடு நின்றாள்.

"நீ நீச்சல் கிளாஸ் போனப்பல்லாம் நான் அதைப் பிடிக்கப் பார்த்தேன். ஒரு கையில விதையைக் காட்டிட்டு, இன்னொரு கையால மேல இருந்து அமுக்குவேன். அஞ்சு நாள் அப்படிப் பண்ணினேன். விதை வந்தா பிடிக்கற கையும் வரும்னு அது பயந்துபோயிருந்துச்சு. அதனாலதான் நீ விதை நீட்டினதும் கடிச்சுது. உன் இடத்துல யார் இருந்திருந்தாலும் கடிச்சிருக்கும்."

"உங்களையும் கடிச்சுதா?"

"நாலு தடவை."

"கதவுல இடிச்சுக்கிட்டேன்னு சொன்னீங்க."

"பொய்."

சமையலறை வாசலில் மனைவி கையைத் துடைத்தபடி நின்றிருந்தாள்.

"அன்னைக்கே ஏன் சொல்லல?" என்று மகள் கேட்டாள்.

"வெட்கமா இருந்துச்சு. அப்பாவுக்கு எல்லாம் தெரியும்னு நீ நினைச்சுக்கிட்டிருந்த."

"நான் அப்படி நினைக்கலயே" என்றாள் மகள்.

அவர் அதையும் வாங்கிக்கொண்டார். மகள் செருப்பைக் கழற்றிவிட்டு, கூண்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"இப்ப நான் கை வெச்சா கடிக்குமா?"

பத்தொன்பது வருடப் பழக்கம் அவர் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. ஒரு சின்ன வார்த்தை, சொல்லிவிட்டால் அவள் கையை வைத்துவிடுவாள். எவ்வளவோ பேரிடம் சொன்ன வார்த்தைதான். அதை விழுங்கினார்.

"தெரியலடா. கடிச்சாலும் கடிக்கும். அதுக்கு என் கைதான் தெரியும், உன் கையை இன்னும் தெரியாது. கடிச்சா வலிக்கும்."

"ரொம்பவா?"

"ரத்தம் வர்ற அளவுக்குக் கடிக்காதுன்னு நினைக்கறேன். அதுகூட நிச்சயமாத் தெரியாது."

மகள் எழுந்துபோய்க் கையைக் கழுவிவிட்டு வந்தாள். கூண்டைத் திறந்து உள்ளங்கையைக் கீழே வைத்தாள். பஞ்சு எட்ட நின்றது. ஓரமாக ஒரு சுற்று வந்தது. மீசையெல்லாம் துடிக்க அவள் சுண்டுவிரலை நுனியிலிருந்து அடிவரைக்கும் மோந்தது. பிறகு விரல் நுனியை ஒரு கடி கடித்துப் பார்த்தது.

மகளின் தோள் துள்ளியது. இவர் பதறி முன்னால் சாய்ந்தார். மனைவி பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். ஆனால் மகளின் கை இருந்த இடத்திலேயே இருந்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நிற்க, உதட்டை மடித்துக்கொண்டு அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க சொன்ன மாதிரியே வலிக்குதுப்பா" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். அவள் கையை எடுக்கவில்லை. பஞ்சு ஒரு முன்னங்காலைத் தூக்கி அவள் விரல் மேல் வைத்தது.